தறியும் கோழியும் ஒரே கம்பியில்

டீசல் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு அது ஓடினாலும் நிம்மதி கிடையாது, நின்றாலும் நிம்மதி கிடையாது. ஓடும்போது எப்போது நிற்குமோ என்று இருக்கும். நிற்கும்போது எப்போது ஓடச் சொல்வார்களோ என்று இருக்கும். கரண்ட் போனதும் ஃபேனை அண்ணாந்து பார்த்து எரிச்சல்படுகிறவர்களே, அதே நேரத்தில் உங்களைவிட எரிச்சலோடு ஒருத்தன் சாப்பாட்டுக் கையைக்கூடக் கழுவாமல் இன்ஜினைப் பார்க்க ஓடிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் மின் நிலையம் மம்சாபுரத்தை ஒட்டி இருக்கிறது. நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் பெரிய இன்ஜின் ஒன்று, சின்ன இன்ஜின் ஒன்று, சுவரில் சுவிட்ச் போர்டு. வியாபாரிகள் சங்கம் சேர்ந்து போட்டது. அங்கிருந்து மூன்று லைன்கள் கிளம்பும். ஒன்று கடைத்தெருவுக்கு. ஒன்று வீடுகளுக்கும் மாவு மில்லுக்கும். மூன்றாவது தெற்கே தறிக்கூடத்துக்குப் போய், அதைத் தாண்டி வயல்காட்டு ஓரம் வரை போகும். அரசு கரண்ட் நின்றால் எங்கள் கரண்ட் இந்த லைன்களில் போகும். அது வந்துவிட்டால் எங்களை ஒருத்தரும் நினைக்க மாட்டார்கள்.

ஆட்கள் இரண்டே பேர். பால்ராஜ் அண்ணன் மெக்கானிக். நான் ஆபரேட்டர், பெயர் மாரிமுத்து. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். ஓர் இடத்தில் உட்கார மாட்டான் என்று சின்ன வயதிலேயே பெயர் வாங்கியவன். இந்த வேலைக்கு அந்த ஒரு தகுதியே போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

புட்டு மாவில் டீசல்

லட்சுமம்மா மாவு மில் வைத்திருக்கிறார். வீட்டில் பேசுவது தெலுங்கு, மில்லில் பேசுவது தமிழ், கோபம் வந்தால் இரண்டும் வரும். ஒரு நாள் ஒரு கிண்ணத்தில் புட்டு மாவை எடுத்துக்கொண்டு நேராக இன்ஜின் கொட்டகைக்கே வந்துவிட்டார். மோந்து பார் என்றார். பார்த்தேன். நல்ல டீசல் வாடை. அரசு கரண்டில் அரைத்தால் மாவு மாவாக இருக்கிறது, உங்கள் கரண்டில் அரைத்தால் மட்டும் இப்படி நாறுகிறது, வந்தவர்கள் எல்லாரும் என்னைத் திட்டிவிட்டுப் போகிறார்கள், கரண்டை வடிகட்டி அனுப்பினால் என்ன என்று கேட்டார்.

கம்பி வழியாக வாடை வராது என்று நான் பாலிடெக்னிக்கில் படித்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கிற வரை கிண்ணத்தை என் மூக்குக்குக் கீழேயே பிடித்துக்கொண்டு நின்றார். பொறுக்க முடியாமல் அவரோடு மில்லுக்கே போனேன். அங்கே பால்ராஜ் அண்ணன் அரைத்துக் கட்டிய மாவு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து, வந்திருந்த பெண்களிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். இன்ஜினைக் கிளப்பிவிட்டதும், லோடு எப்படி இருக்கிறது என்று பார்க்கிற சாக்கில் அங்கே போய்ச் சாய்வது அவர் வழக்கமாம். அவர் சட்டையைப் பிழிந்தால் சின்ன இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடும். லட்சுமம்மா மூட்டையைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கரண்ட்ட கம்பில அனுப்பு நாயனா, கூடவே இந்தாளயும் அனுப்பாத."

பின்னால் போன தறி

தறிக்கூடம் கணபதி அண்ணாச்சியுடையது. பேண்டேஜ் துணி நெய்கிறார். சொந்த ஊர் தேவதானம், விவசாயக் குடும்பம். அதிகம் பேச மாட்டார். எந்த நேரமும் கோர்ட்டில் வழக்கு நடக்கிறவர் மாதிரியே முகத்தை வைத்திருப்பார்.

பெரிய இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்து மாட்டிய அன்று கரண்ட் போய்விட்டது. கடைத்தெருவிலிருந்து ஆள் மேல் ஆள் வந்து நிற்க, நானும் பால்ராஜ் அண்ணனும் அவசர அவசரமாகக் கேபிளை மாட்டி ஓடவிட்டோம். இன்ஜின் பூ மாதிரி ஓடியது. அவர் ஒரு பீடியைப் பற்ற வைத்தார். நான்கூடக் கொஞ்சம் உட்கார்ந்தேன். அப்புறம்தான் ஒவ்வொருத்தராக வர ஆரம்பித்தார்கள். தண்ணீர் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றார் ஒருத்தர். லட்சுமம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தார். மிஷினில் போட்ட வத்தல் கீழே பொடியாக இறங்காமல் மேல் வழியாகக் கிளம்பி, மில்லில் நின்ற அத்தனை பேரும் தெருவில் நின்று தும்முகிறார்களாம்.

விஷயம் இதுதான். மோட்டாருக்குப் போகிற மூன்று கம்பியில் இரண்டை நாங்கள் இடம் மாற்றி மாட்டிவிட்டோம். பல்புக்கும் ஃபேனுக்கும் அதனால் ஒன்றும் இல்லை. பெரிய மோட்டார்கள் மட்டும் தலைகீழாகச் சுற்றும். ஊரில் இருந்த மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் நிறுத்தினேன். கடைசியாகக் கணபதி அண்ணாச்சி வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தோம். வாசலில் நின்று அடங்கின குரலில் சொன்னார்:

"இன்னுங் கொஞ்சம் ஓட விட்டிருந்தீகன்னா நெய்ஞ்ச துணியெல்லாம் திரும்ப நூலாயிருக்கும்."

கோழிக்காரி

ஜெபராணி ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டு நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கிற மிஷின் வாங்கி, மூன்றாவது லைனின் கடைசிக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை கட்டி உட்கார்ந்தாள். வீட்டில் யாருக்கும் இதில் இஷ்டமில்லை. முதல் தடவை வைத்த முட்டைகள் கரண்ட் போய்க் குளிர்ந்து வீணாகிவிட்டன. மாமனார் முட்டைகளைக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, இன்னும் ஒரு தடவைதான், அதுவும் இப்படிப் போனால் திரும்ப மில்லுக்குக் கிளம்பு என்று சொல்லிவிட்டாராம். இதை அவள் என்னிடம் சொன்னபோது நான் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் லைனுக்கு வந்துவிடு, நான் இருக்கிறேன், உன் முட்டைக்கு நான் பொறுப்பு என்று சொல்லித் தொலைத்தேன். அவள் அதை நம்பி இரண்டாம் தடவை முட்டைகளை அடை வைத்தாள்.

அன்றோடு நான் கொஞ்ச நஞ்சம் உட்கார்ந்ததும் போனது. அதற்கு முன் இன்ஜின் நின்றால் ஊர் திட்டும், அவ்வளவுதான். இப்போது இன்ஜின் நின்றால் ஒரு பெண் திரும்ப ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவளும் என் ஜாதிதான், அதாவது உட்கார மாட்டாத ஜாதி. மிஷினில் சூட்டைப் பார்ப்பாள், வெளியே வந்து காது கொடுப்பாள், இன்ஜின் சத்தத்தில் இம்மி மாறினாலும் வயல் வரப்பிலேயே ஓடி வந்துவிடுவாள். சோறு தின்ன உட்கார்ந்தேன் என்றால் சரியாக வாசலில் வந்து நிற்பாள்:

"அண்ணே, ஒங்க இன்ஜின் செத்த முன்னாடி தும்முச்சே, என்ன அதுக்கு?"

தேர் அன்று

ஆடிப்பூரத் தேருக்கு லீவு போடச் சொல்லி என் மனைவி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தேரும் நாங்கள் சேர்ந்து பார்த்ததில்லை. பால்ராஜ் அண்ணனிடம் இன்ஜினையும் ஜெபராணியையும் ஒப்படைத்துவிட்டு, ரத வீதியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். தேர் திரும்பும் நேரம். எதிரில் இருந்த கூல்டிரிங்ஸ் கடையில் ஃபிரிட்ஜ் ஓய்ந்தது, மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் மெதுவாகி நின்றது. என் கால் தானாகத் திரும்பிவிட்டது. நாலைந்து பேரைத் தள்ளிக்கொண்டு பைக் நிறுத்திய பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.

தேர் உயரத்துக்குக் கம்பி தட்டும் என்று அந்தத் தெருவில் கரண்டை அவர்களே நிறுத்துவார்கள். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். காலுக்குத்தான் தெரியவில்லை. மனைவி சட்டையைப் பின்னால் இழுத்துப் பிடித்தாள். வடம் பிடிக்கிறவர்கள் போட்ட சத்தத்தில் அவள் பேசியது எனக்கு மட்டும்தான் கேட்டது:

"கரண்ட் நின்னா தேரு வருதுன்னு அர்த்தம். ஓடாம நில்லுங்க, அங்க ஒங்கள யாரும் தேடல."

காற்று

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் பக்கம் அம்மி பறக்கவில்லை, புளியமரம் விழுந்தது. தேர் முடிந்து சில நாள் கழித்து மலைப் பக்கமிருந்து சாரலோடு ஒரு காற்று வந்தது. ராஜபாளையம் போகிற ரோட்டில் மரங்கள் சாய்ந்து அரசுக் கம்பங்களை இழுத்துக்கொண்டு போய்விட்டன. நாளைக்குத்தான் சரியாகும் என்று தகவல் வந்தது. பெரிய இன்ஜின் ராத்திரி முழுக்க எல்லா லைனையும் தூக்கிக்கொண்டு ஓடியது. விடிந்து கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டரிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பியது. வாட்டர் பம்ப் போய்விட்டது. இன்ஜினுக்குள் தண்ணீர் சுற்றவில்லை என்றால் அது தன் சூட்டில் தானே வெந்துவிடும். நிறுத்தினோம்.

அதே நேரத்தில் ஜெபராணி வந்து நின்றாள். முட்டைக்குள்ளிருந்து குஞ்சு ஓட்டைக் கொத்த ஆரம்பித்துவிட்டது என்றாள். சொல்லும்போது சிரிப்பு, சொல்லி முடித்து நின்றுபோயிருந்த பெரிய இன்ஜினைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. அவளிடம் ஓர் இன்வர்ட்டர் இருந்தது, அது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். ஓடு கொத்துகிற நேரத்தில் முட்டையை அசைக்கவே கூடாதாம். பால்ராஜ் அண்ணன் பழுதான பம்பைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, பைக்கில் கட்டிக்கொண்டு, மரம் விழுந்த ரோட்டை விட்டுக் காட்டுப்பாதை வழியாக ராஜபாளையம் கிளம்பினார். கிளம்பும் முன் சின்ன இன்ஜினைத் தட்டிக் கொடுத்தார்:

"ஏலே மாரி, சின்னவன் தாங்குவான். எல்லாரையும் தாங்க மாட்டான். பாத்துக்க."

முறை

சின்ன இன்ஜினால் மாவு மில்லை இழுக்க முடியும், இல்லையென்றால் தறிக்கூடத்தை இழுக்க முடியும். இரண்டையும் சேர்த்து இழுக்க முடியாது. விஷயம் தெரிந்ததும் கொட்டகை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. கடைக்காரர்கள் தங்கள் ஐஸ்கிரீம் உருகுகிறது என்றார்கள். லட்சுமம்மா ஒரு கல்யாண வீட்டு மாவு பாதியில் நிற்கிறது என்றார். கணபதி அண்ணாச்சிக்கு அன்று சாயங்காலம் லாரிக்குத் துணி கட்டி ஏற்ற வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்துப் பேசினார்கள். நான் என்ன, டீசலைக் குடித்து ஓடுகிறவனா?

கடைசியில் வழி சொன்னது அண்ணாச்சிதான். கண்மாயில் தண்ணீர் குறைந்தால் தேவதானத்தில் முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். முதலில் இன்னார் வயல், அடுத்து இன்னார் வயல், முறை வருகிற வரை யாரும் மடையைத் தொடக்கூடாது. அது மாதிரி லைனுக்கு லைன் முறை வைத்துக் கரண்ட் விடு என்றார். எல்லாருக்கும் சரியாகப் பட்டது. முதலில் கடைத்தெரு, பிறகு மில், கடைசியில் தறி. யாருக்கும் மனக்குறை இல்லை. எனக்கும் அப்பாடா என்றிருந்தது. கடைத்தெரு லைனைப் போட்டேன்.

எல்லாரும் கலையும்போது ஜெபராணி தன் முறை எப்போது வரும் என்று மட்டும் கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் இருப்பது தறிக்கூடத்து லைனின் வாலில். தறியின் முறைதான் அவள் முறை. அதற்குள் முட்டை குளிர்ந்துவிடும். சரி, அந்த லைனை இப்போதே போட்டுவிடலாம் என்றால், அவளுக்குத் தனிச் சுவிட்ச் கிடையாது. அவளுக்குப் போட்டால் தறிக்கும் போகும், தறிகள் கிளம்பினால் சின்ன இன்ஜின் மூச்சு முட்டி நின்றுவிடும், அப்புறம் ஒருத்தருக்கும் இல்லை. மில்லும் தறியும் நின்றால் ஊர் முழுக்க விளக்கும் அவள் மிஷினும் தாராளமாக ஓடும். ஆனால் லைனில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி தன் தறியைத் தானே நிறுத்தி வைக்க வேண்டும், தன் முறை வந்தாலும் தொடக்கூடாது. என்னால் அவரைத் தடுக்க முடியாது. இதை நான் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி முகத்தில் வழக்கு வலுத்தது. முறை என்றால் எல்லாருக்கும் முறைதான், ஆளுக்கொரு நியாயம் பார்த்தால் முறை எதற்கு என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, என் மேல் அதைவிட வந்தது. வாய் கொடுத்தவன் நான், தறியை நிறுத்த வேண்டியவர் அவர். லட்சுமம்மாதான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார். என் மில்லைப் பூட்டச் சொல்லிவிட்டேன் என்றார். பிறகு அண்ணாச்சியிடம் மெதுவாகக் கேட்டார்.

"தேவதானத்துல கதிர்ல பால் பிடிக்கிற பயிரு காயும்போதும் முறை பாத்துத்தான் தண்ணி விடுவீகளா?"

அண்ணாச்சி ஓரமாகப் போனார். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். ஜெபராணியைப் பார்க்காமல் சுவிட்ச் போர்டைப் பார்த்தே பேசினார்:

"லைனப் போடு. எந்தறி ஓடாது."

இன்ஜின் முக்கியது

லைனைப் போட்டுவிட்டேனே தவிர, நம்பினேன் என்று சொல்ல முடியாது. லாரி வரப்போகிறது, துணி பாதியில் கிடக்கிறது, கம்பியில் கரண்ட் ஓடுகிறது. ஒரே ஒரு தறியை மட்டும் ஓட்டிப் பார்ப்போமே என்று எந்த மனிதனுக்கும் தோன்றும். எனக்கே தோன்றும். கொட்டகைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கினேன், கலைத்தேன், திரும்ப அடுக்கினேன். டீ கொண்டுவந்து வைத்தார்கள், ஆடை படிந்து கிடந்தது. சின்ன இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் திரும்பி வெகு நேரம் ஆன பிறகு, அது முக்கியது.

பாரம் ஏறினால் இன்ஜின் முக்கும். சத்தம் கம்மி, வேகம் குறைந்து, பல்பு மங்கி, பிறகு தட்டுத் தடுமாறி எழுந்து ஓடும். எழுந்துவிட்டது. ஆனால் யாரோ எதையோ போட்டுவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, அண்ணாச்சிதான் என்று முடிவே கட்டிவிட்டேன். சாரலில் நனைந்துகொண்டே தறிக்கூடத்துக்கு ஓடினேன். போகிற வழியில் அவரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் கேட்டு முடித்துவிட்டேன். உள்ளே போனால் தறிகள் அசையாமல் நிற்கின்றன. வேலையாட்கள் தாயம் உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணாச்சி வாசல் பக்கம் நாற்காலியில் இருந்தார். மடியில் ஒரு துண்டு, துண்டில் தறிக்கூடத்து ஃபியூஸ் கட்டைகள் எல்லாம் கழற்றிக் கிடந்தன. என்ன இது என்றேன். கை சும்மா இருக்காது, அதனால் கழற்றி வைத்துக்கொண்டேன் என்றார். எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

தறி இல்லையென்றால் பாக்கி இருப்பது கோழிதான். இரண்டு பேரும் வரப்பில் நடந்தோம். ஜெபராணியின் அறையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் வெந்நீர் போடுகிற ஹீட்டர் ராடு. ஊரே கரண்டை விட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க, யாருக்காக விட்டார்களோ அவளே அதைச் சொருகி இன்ஜினைக் கவிழ்க்கப் பார்த்திருக்கிறாள். பிடுங்கி எறிந்துவிட்டுக் கன்னாபின்னா என்று சத்தம் போட்டேன். உன் கையாலேயே உன் குஞ்சுகளைக் கொன்றிருப்பாய் என்றுகூடச் சொன்னேன். மிஷின் சூட்டில் அறை வறண்டுவிட்டது, ஈரம் இல்லையென்றால் ஓட்டுக்குள்ளேயே குஞ்சு ஒட்டிக்கொள்ளும், அதனால் ஆவி பிடிக்க வைத்தேன் என்றாள். அடுப்பில் வைக்க வேண்டியதுதானே? அவளுக்கு அது தோன்றவே இல்லை. நான் எறிந்த ராடைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"சும்மா உக்காந்து பாத்துக்கிட்டிருக்க முடியலண்ணே. எதையாச்சும் செய்யணும்போல இருந்துச்சு."

அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை. காலையிலிருந்து நான் ஸ்பேனரைத் துடைத்தது எதற்காக? அண்ணாச்சி குனிந்து வாளியை எடுத்தார். டீக்கடை அடுப்பில் சுட வைத்துக் கொண்டுவரச் சொல்கிறேன் என்று கிளம்பியவர், வாசலில் நின்று அவளைப் பார்த்துச் சொன்னார்:

"நாங்க எல்லாரும் காலையிலயிருந்து எதையும் செய்யாமத்தாம்மா ஒனக்குச் செஞ்சிக்கிட்டிருக்கோம்."

பங்கு

பொழுது சாய்கிற நேரத்தில் பால்ராஜ் அண்ணன் பம்போடு வந்து சேர்ந்தார். உடம்பெல்லாம் சேறு. மாட்டி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, பெரிய இன்ஜினைக் கிளப்பியதும் நான் முதலில் ஓடியது ஜெபராணி அறைக்கு. அவள் மிஷின் கண்ணாடி முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜெபம் பண்ணுகிறாளா, எண்ணுகிறாளா தெரியவில்லை. உள்ளே நனைந்த பஞ்சு மாதிரி குஞ்சுகள் விழுவதும் எழுவதுமாக இருந்தன. கதவோரம் இருந்த ஒரு தட்டு மட்டும் அசையவில்லை. இன்வர்ட்டர் ஓய்ந்த நேரத்தில் குளிர்ந்தது அதுதான். அந்தத் தட்டை அவள் வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். மற்றதெல்லாம் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. மாமனார் வந்து எட்டிப் பார்த்தார். மில் வேலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தீவனம் வாங்கி வைத்திருக்கிறாயா என்று கேட்டுவிட்டுத் தானே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் கண்ணைத் துடைத்தேன். இன்ஜின் புகை என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியானவன். அரசு கரண்ட் வந்த பிறகு ஒரு நாள் லட்சுமம்மா வந்தார். அன்றைக்கு அவர் விட்டுக் கொடுத்த கரண்ட் பாக்கி இருக்குமே, கல்யாண வீட்டு மாவு இன்னும் மீதி இருக்கிறது, இப்போது அதைக் காசில்லாமல் விடு என்றார். கரண்டை அப்படிச் சேர்த்து வைக்க முடியாது அம்மா, அது அன்றன்றைக்கு ஓடித் தீர்வது என்றேன். விடாமல் முறைத் தண்ணீர் கணக்கு பேசினார். ஒரு முறை விட்டுக் கொடுத்தால் அடுத்த முறையில் சேர்த்துப் பாய்ச்சிக்கொள்ளலாமாம். அன்றைக்கு எதையும் விட்டுக் கொடுக்காத கடைத்தெரு ஐஸ்கிரீம்காரரும் இதே நியாயத்தோடு வந்தார். எல்லாருக்கும் விளக்கம் சொல்லி வாய் வலித்தது. கடைசியில் அந்தப் பாக்கியெல்லாம் குஞ்சாகிவிட்டது, வேண்டுமானால் அங்கே போய்ப் பாருங்கள் என்று எரிச்சலில் சொல்லிவிட்டேன்.

அதை உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து ஜெபராணி வாசலில் ஒரே கூட்டம். அவரவர் பாக்கியைப் பார்க்க வந்தவர்கள். லட்சுமம்மா வெள்ளைக் குஞ்சு ஒன்றைத் தூக்கி, மாவு நிறத்தில் இருப்பதால் இது மில் பங்கு என்றார். கணபதி அண்ணாச்சியும் வந்தார். லாரி அன்று பாதித் துணியோடுதான் போயிருந்தது, அதைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, நெடுநேரம் பார்த்தார். மற்றக் குஞ்சுகளைக் கொத்தித் தள்ளிக்கொண்டு, நின்ற இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்த கறுப்புக் குஞ்சு ஒன்றின் மேல் அவர் கண் நின்றது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்:

"இந்தா, கறுப்பு ஒண்ணு சண்டைக்கு நிக்குதே. அது எந்தறிக் கரண்ட்ல பொரிச்சதுதான், சந்தேகமே இல்ல."

இந்தத் தொழிலில் இத்தனை வருஷமாக ஓடி நான் கண்டது ஒன்றுதான்: நான் கரண்ட் கொடுத்தபோதெல்லாம் என்னைத் திட்டியவர்கள், ஒரு நாள் முழுக்க அதை வாங்காமல் இருந்ததற்கு மட்டும் இன்றுவரை பெருமை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.